பட்டர் ஃப்ரூட்டில் உப்பு

எங்கள் கடையில் முதல் அவகாடோ டோஸ்டைப் போட்டது நான். அதைத் தப்பாகப் போட்டதும் நான்தான். ஜூஸ் கடை, கஃபே வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு உபயோகப்படும் என்று இதை எழுதுகிறேன்.

1. தெரியும் என்று சொன்னேன்

நான் ஏழாவதோடு படிப்பை நிறுத்தியவன். காரைக்கால் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஜமால் பாய் கடையில் இருபத்தாறு வருஷமாக ஜூஸ் மாஸ்டர். பயம் என் கூடவே பிறந்தது. மிக்ஸி சத்தம் கொஞ்சம் மாறினால் மோட்டார் போய்விட்டது என்று நினைப்பேன். முதலாளி "ராசு, இங்க வா" என்றால் வேலை போய்விட்டது என்று நினைப்பேன்.

பாயின் மகள் நஸ்ரின் சென்னையில் படித்துவிட்டு வந்து கடையில் பாதியை கஃபே ஆக்கியது. மெனு கார்டு முழுக்க இங்கிலீஷ். நான் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து, அதுவே வந்து கேட்டது.

"ராசண்ணே, அவகாடோ டோஸ்ட் போடத் தெரியும்ல? நம்ம பட்டர் ஃப்ரூட்தான். மசிச்சு ரொட்டி மேல தடவுறது."

"தெரியும் பாப்பா."

தெரியாது. ஆனால் அப்படிச் சொன்னால் சென்னையிலிருந்து வேறு மாஸ்டரைக் கூட்டி வந்துவிடுவார்களோ என்று பயம். பட்டர் ஃப்ரூட்டே தெரியாதவன் இல்லை நான். காம்புப் பக்கம் விரலை வைத்தால் இன்றைக்கு வெட்டலாமா, நாளைக்கா என்று சொல்வேன். பால், சர்க்கரை, ஐஸ் போட்டு எத்தனை ஆயிரம் கிளாஸ் அடித்திருப்பேன்! ரொட்டியில் தடவுவது என்ன பெரிய வித்தை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

2. சாப்பிடாமலே சொன்ன அபிப்பிராயம்

ஒரு வாரம் யாரும் அதை ஆர்டர் பண்ணவில்லை. அபிப்பிராயம் மட்டும் எல்லோரிடமும் இருந்தது.

கோட்டுச்சேரியிலிருந்து பழம் போடுகிற கணேசன் கார்டில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு, "என்னய்யா இது, குளத்துப் படிக்கட்டுல பாசி புடிச்ச மாதிரி இருக்கு" என்றார்.

துபாயிலிருந்து லீவில் வந்திருந்த ஒரு தம்பி, "அங்க இதுக்கு லைன்ல நிக்கிறாங்க மாஸ்டர்" என்றது. அதுவும் லைம் ஜூஸ்தான் குடித்துவிட்டுப் போனது.

ஜமால் பாயே ஒருநாள், "பட்டர் ஃப்ரூட் ரொட்டின்னு வச்சா என்னம்மா? நாலு பேருக்குப் புரியும்ல" என்று கேட்டார். "வாப்பா, அந்தப் பேருக்குத்தான் காலேஜ் புள்ளைங்க வரும்" என்று நஸ்ரின் முகத்தைத் தூக்கிக்கொண்டது.

எனக்கு இரண்டு பேர் பக்கமும் நியாயம் தெரிந்தது. பட்டர் ஃப்ரூட் என்பதும் நாமாக வைத்த பெயர்தானே? அதில் பட்டர் எங்கே இருக்கிறது? என் கையால் ஊற்றும் ரோஸ் மில்க்கில் ரோஜா இதழ் ஒன்றுகூட விழுந்ததில்லை. யாரும் சண்டைக்கு வரவில்லை.

3. முழுத் தட்டும் காலி

முதல் ஆர்டர் வந்த காலையில் நஸ்ரின் நாகப்பட்டினம் போயிருந்தது. பாய் கல்லாவில் இருந்தார். விழிதியூரிலிருந்து ஒரு பெரியவரும் அவர் மகளும் வந்தார்கள். மகளுக்குக் கல்யாணமாகி பிரான்சில் குடித்தனம். கார்டைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"மாஸ்டர், அப்பாவுக்கு ஒரு அவகாடோ டோஸ்ட். எனக்கு காபி போதும்."

பெரியவர் முனகினார். "எனக்கு ரெண்டு இட்லி சொல்லு, போதும்."

"ஒரு தடவை சாப்பிட்டுப் பாருங்கப்பா."

பழத்தை மசித்தேன். மூன்று கரண்டி சர்க்கரை. வழவழப்புக்குக் கன்டென்ஸ்டு மில்க். ரொட்டியைப் பொன்னிறமாக வாட்டி, தடவி, மேலே டூட்டி ஃப்ரூட்டி தூவினேன். கார்டில் இருந்த படத்தைவிட அழகாக இருந்தது. பட்டர் ஃப்ரூட்டைச் சர்க்கரை இல்லாமல் ஒருவர் சாப்பிடுவார் என்பது என் புத்தியிலேயே இல்லை.

தட்டை வைக்கும்போது மகள் போன் வந்து வெளியே போய்விட்டார். பெரியவர் ஒரு கடி கடித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் குனிந்த தலை நிமிரவில்லை.

"இன்னொன்னு போடு தம்பி. வெரசா."

சந்தோஷத்தில் இன்னும் ஒரு கரண்டி கூட்டிப் போட்டேன். அதுவும் முடிந்தபோது மகள் உள்ளே வந்தார். காலித் தட்டைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"சுகர் வந்ததுலேர்ந்து எதைக் கொடுத்தாலும் வேணாம்னு தள்ளிடுவாருங்க மாஸ்டர். பத்து நாள்ல நான் ஊருக்குப் போகணும். எப்படி விட்டுட்டுப் போறதுன்னு இருந்தேன். இதையே தினம் வாங்கிக் கொடுக்கச் சொல்றேன்."

பெரியவரைப் பார்த்தேன். அவர் மகளுக்குத் தெரியாமல் லேசாகத் தலையை ஆட்டினார். சொல்லாதே என்று அர்த்தம். ஆக, அவருக்கு முதல் கடியிலேயே தெரிந்திருக்கிறது!

சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் இந்த மனுஷன் தினம் வந்து இதைச் சாப்பிடுவார். கைத்துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அம்மா, அதுல சர்க்கரை போட்டிருக்கேன். நிறையப் போட்டிருக்கேன்."

"அவகாடோ டோஸ்ட்ல யாராவது சர்க்கரை போடுவாங்களா?"

"எனக்குத் தெரியாதும்மா."

இருபத்தாறு வருஷத்தில் அந்தக் கடையில் நான் அந்த வார்த்தையைச் சொன்னது அன்றைக்குத்தான்.

மகள் கைப்பையிலிருந்து சுகர் பார்க்கும் மெஷினை எடுத்து அப்பாவின் விரலில் குத்திப் பார்த்தார். அதிகம்தான். டாக்டருக்கு போன் போட்டார். தண்ணீர் குடிக்கச் சொல்லி, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி பார்க்கச் சொன்னார் டாக்டர். அந்த இரண்டு மணி நேரமும் அவர்கள் கடையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். நான் இரண்டு கிளாஸ் உடைத்தேன். பெரியவர் மட்டும் ஃபேனுக்குக் கீழே நிம்மதியாகக் குறட்டை விட்டார்.

மறுபடி பார்த்தபோது இறங்கியிருந்தது. மகள் போகும்போது, "சொன்னீங்களே, அது போதும்" என்றார்.

4. கார்டின் அடியில்

நஸ்ரின் வந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, வேலையை விட்டுப் போகச் சொல்லப்போகிறது என்று காத்திருந்தேன்.

"தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம்ல அண்ணே?"

"வேற ஆள் வச்சிடுவீங்களோன்னு..."

"எனக்கே போன மாசம்தான் தெரியும். போன்ல பாத்துக் கத்துக்கிட்டது. வாங்க, சேர்ந்து போடுவோம்."

எலுமிச்சை, உப்பு, மிளகு, பொடியாக நறுக்கிய பச்சை மிளகாய். முதல் வாய்க்கு எனக்குச் சப்பென்றுதான் இருந்தது. இரண்டாவது வாய்க்குப் பரவாயில்லை.

புதுக் கார்டு அடித்தபோது ஒன்றே ஒன்று கேட்டேன். பெயர் எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும், அதன் அடியில் உள்ளே என்னென்ன போட்டிருக்கிறோம் என்று தமிழில் எழுத வேண்டும். நஸ்ரின் ஒத்துக்கொண்டது. பழகின பழம் என்று நானும் கேட்கவில்லை, பழகின பெயர் என்று பெரியவரின் மகளும் கேட்கவில்லை. நடுவில் மாட்டியது ஒரு வியாதிக்காரர். பிள்ளைகளா, தெரியாததைத் தெரியாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். வேலை போய்விடாது.

மகள் பிரான்ஸ் போன மறுவாரம் பெரியவர் தனியாக பஸ் ஏறி வந்தார். உப்பு போட்ட டோஸ்டை வைத்தேன். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"தம்பி, அன்னிக்குப் போட்டியே, அது மாதிரி ஒண்ணு போடேன்."

"அது எனக்குப் போடத் தெரியாதுங்க ஐயா" என்றேன்.