சாமர்த்தியக்காரி

என் அம்மா வேலைக்குப் போகக் கூடாது என்று கர்த்தரிடம் மன்றாடியவர்களில் நானும் ஒருத்தி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு யாரும் பெரியப்பாவை மட்டும் திட்ட வேண்டாம்.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. பாறசாலையிலிருந்து தனுவச்சபுரம் போகிற சாலையில், ரயில் பாதைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. அப்பாவுக்குப் பாறசாலையில் மின்சாமான் கடை. அம்மா எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் பிறந்தவள். கல்யாணத்துக்கு முன்னால் நர்சிங் படித்து ஒரு வருஷம் வேலையும் பார்த்திருக்கிறாள். நான் வயிற்றில் வந்ததும் வேலையை விட்டவள், பிறகு போகவில்லை. எப்போதோ எழுதிய வேலைப் பரீட்சையின் பலனாகத் திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. அடுத்த திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் வந்து சேர வேண்டும். தவறினால் பட்டியலில் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். அம்மாவுக்கு வயது வரம்பு முடிகிற நேரம். இதை விட்டால் இனி இல்லை.

வந்த கடிதத்தை எலி தின்ன வேண்டும் என்று நான் ஜெபித்தேன். காரணம் இருந்தது. என் வகுப்பில் பக்கத்தில் உட்காருகிறவளின் அம்மா நர்சு வேலைக்காக வெளிநாடு போனவள். அந்தப் பெண் தானே தலை பின்னிக்கொண்டு, ஒரு பக்கம் ஏற்றமும் ஒரு பக்கம் இறக்கமுமாக வருவாள். டிபன் பாத்திரத்தில் எப்போதும் ரொட்டியும் ஜாமும்தான். திருவனந்தபுரத்துக்கும் வெளிநாட்டுக்கும் உள்ள தூர வித்தியாசமெல்லாம் எனக்கு ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. அம்மா போனால் போனதுதான் என்று நினைத்தேன்.

அப்பா அந்த வாரம் முழுவதும் ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொண்டு வாழ்ந்தார். "பாக்கலாம்." காலையில் பாக்கலாம், ராத்திரி சோற்றுக்கு முன்னால் பாக்கலாம். அம்மா ஒருநாள் பொறுமை விட்டுக் கேட்டே விட்டாள். "போன்னாலும் செரி, போகாண்டாம்னாலும் செரி. உங்க வாயால ஒரு வார்த்த சொல்லுங்க." அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு ஒரு அண்ணன் இருந்தார், அவ்வளவுதான்.

அந்த அண்ணன்தான் பெரியப்பா. சபைக் கமிட்டியில் இருந்தார். ஆலயத்தில் மின்விசிறி மாட்டுவதிலிருந்து யார் வீட்டுப் பெண் யாரைக் கட்டலாம் என்பது வரைக்கும் அவர் சொல்தான். "குடும்பத்துக்குத் தலை ஒண்ணுதான் உண்டு. உடம்பு பேசாம இருந்தாத்தான் தலைக்கு நிம்மதி ஆக்கும்" என்பார். தலை என்று சொல்லும்போதெல்லாம் தன் வழுக்கையைத் தடவிக்கொள்வார். எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் கடிதம் வந்த வாரம் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அவர் என் கட்சி.

வியாழக்கிழமை வந்து, அம்மா காதில் விழும்படியே அப்பாவிடம் பேசினார். "பகல் வேலைன்னா போட்டும்னு விட்டிரலாம். ராத்திரி டூட்டி உண்டு. குடும்பத்துப் பொம்பள ராத்திரி எங்க இருக்கணும்? நீயே சொல்லு." பெரியப்பா என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக் கேட்டார். "மக்களே, அம்மை வேலைக்குப் போறது உனக்கு இஷ்டமா?"

"இல்ல பெரியப்பா."

"பாத்தியா, பிள்ளைக்கு உள்ள விவரம் பெத்த தள்ளைக்கு இல்ல."

அடுக்களையில் பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் என்று பெரியப்பாவே முடிவு செய்தார். சபையில் பிரசங்கம் செய்கிற உபதேசியார் வந்து குடும்பத்தில் மனைவியின் இடம் பற்றிச் செய்தி கொடுப்பார். அதற்கு முன்னால், நல்ல மனைவி எப்படிப்பட்டவள் என்று வேதத்தில் சொல்கிற அந்தப் பகுதியை வாசிக்க வேண்டும். எங்கள் சபையில் எல்லாக் கல்யாணத்திலும் வாசிப்பதுதான். முதல் மூன்று வசனம் வாசிப்பார்கள், பெண் வீட்டார் கண்ணைத் துடைப்பார்கள், பிரியாணி போடுவார்கள். வழக்கமாக வீட்டு ஜெபத்தில் அம்மாதான் வாசிப்பாள். இந்த முறை நான் வாசிக்க வேண்டும் என்றார் பெரியப்பா. "அவளுக்க பிள்ளைக்க வாயால கேக்கட்டும்."

அடேயப்பா, எவ்வளவு பெரிய மூளை. ஆனால் அந்த மூளைக்கு ஒன்று மறந்துபோயிற்று. நான் படித்தது மலையாளப் பள்ளிக்கூடத்தில். பேசுவது தமிழ், எழுத்து மலையாளம். தமிழை ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கித்தான் வாசிப்பேன். மலையாளத்தில் என்றால் வகுப்பிலேயே என்னைப் போல வேகமாக வாசிக்க ஆள் கிடையாது. வீட்டில் வேதப்புத்தகமும் இரண்டு. அம்மாவுடையது தமிழ், அப்பாவுடையது மலையாளம்.

சனிக்கிழமை ஆறு மணிக்கு எல்லாரும் வந்துவிட்டார்கள். எல்லாரும் என்றால் பெரியப்பா, பெரியம்மை, உபதேசியார். எங்களோடு சேர்த்து ஆறு பேர். பாட்டு முடிந்தது. அம்மா சுவரோரமாகப் பாயில் உட்கார்ந்திருந்தாள், முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு. உபதேசியார் நீளமாக ஜெபித்தார். பிறகு பெரியப்பா என்னைப் பார்த்துத் தலையசைத்தார். மூன்று வசனம் என்று மூன்று விரலையும் காட்டினார்.

தமிழ்ப் புத்தகத்தை விரித்துக்கொண்டு எழுந்து நின்றேன். எழுத்து எறும்பு சைஸ். 'குணசாலி'யைக் கஷ்டப்பட்டுத் தாண்டினேன். அடுத்து வந்த 'ஸ்திரீ'யில் நாக்கு மாட்டிக்கொண்டது. ஸ்... ஸ்தி... பெரியம்மை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். எனக்குக் காது சுட்டது. அப்பா பக்கத்தில் தன் மலையாளப் புத்தகத்தை மடியில் விரித்து, அதே பக்கத்தில் விரல் வைத்துக்கொண்டிருந்தார். நான் குனிந்து அதை எடுத்தேன். அப்பா விரலை எடுத்துக்கொண்டு புத்தகத்தை விட்டார்.

அதே இடத்திலிருந்து உரக்க வாசிக்கத் தொடங்கினேன். முதல் சொல்லே 'சாமர்த்தியமுள்ள' என்றிருந்தது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் சாமர்த்தியம் என்பது ஆணுக்குப் பாராட்டு, பெண்ணுக்கு வசவு. 'அவ சாமர்த்தியக்காரி ஆக்கும்' என்று பெரியம்மை சொன்னால் அம்மாவைத்தான் சொல்கிறாள் என்று அர்த்தம். தமிழில் குணசாலி என்று இருக்கிற அதே இடத்தில், மலையாளத்தில் சாமர்த்தியமுள்ளவள் என்று போட்டிருந்தார்கள். எனக்கு அது தெரியாது. பெரியம்மையின் குலுங்கல் சட்டென்று நின்றது. பெரியப்பா தொண்டையைச் செருமினார்.

செருமத்தான் முடியும். வேதம் வாசிக்கிறவர் ஆமென் சொல்லி உட்காருகிற வரைக்கும் மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது என்பது எங்கள் வீடுகளில் வழக்கம். கமிட்டிக்காரர் அதை மீறுவாரா? மூன்று விரலை மறுபடியும் காட்டினார். நான் புத்தகத்தை விட்டுத் தலை தூக்கவில்லை. சிரித்தார்கள் அல்லவா, எப்படி வாசிக்கிறேன் என்று பாருங்கள் என்ற வீம்பு. மூன்றாம் வசனம் எப்போது போயிற்று என்றே தெரியாது.

சொன்னால் நம்புங்கள், அந்தப் பகுதியின் மீதியை அதுவரை எங்கள் குடும்பத்தில் யாரும் வாய்விட்டு வாசித்ததில்லை. அந்த மனைவி தூரத்திலிருந்து ஆகாரம் கொண்டுவருகிறாள். இருட்டோடு எழுந்திருக்கிறாள். ஒரு வயலைப் பார்த்து, யோசித்து, தன் உழைப்பிலேயே வாங்குகிறாள். கையைப் பலப்படுத்திக்கொள்கிறாள். ராத்திரியிலும் அவளுடைய விளக்கு அணைவதில்லை.

ராத்திரி என்ற சொல் வந்ததும் பெரியப்பாவின் நாற்காலி கிறீச்சிட்டது. உபதேசியார் கண்ணை மூடியபடி இருந்தார். புருஷனைப் பற்றியும் பிறகு ஒரு வசனம் வந்தது. அவன் ஊர்ப் பெரியவர்களோடு வாசலில் உட்கார்ந்திருக்கிறான். அப்பா அந்த நிமிஷம் வாசல் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். கடைசிவரை வாசித்து, மூச்சு வாங்க ஆமென் என்றேன்.

"இத யாரு பிள்ளைக்குப் படிப்பிச்சுக் குடுத்தது?" பெரியப்பா என்னைக் கேட்கவில்லை, அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

"நான் படிப்பிக்கல்ல" என்றாள் அம்மா.

"பின்ன ஆரு? சாமர்த்தியம்னு தொடங்கினப்பமே எனக்கு மனசிலாச்சு" என்றாள் பெரியம்மை.

நான் அழத் தொடங்கினேன். தப்பாக வாசித்துவிட்டேன் என்று நினைத்தேன். உபதேசியார் கை நீட்டிப் புத்தகத்தை வாங்கினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரலால் ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று தெரியாது, எனக்கு ஒரு யுகம். பெரியப்பா சொல்லிக் கூட்டிவந்த மனிதர். அவருடைய சம்பளத்தைப் பற்றிப் பேசுகிற கமிட்டியில் இருப்பவர் பெரியப்பா.

"பிள்ள செரியாத்தான் வாசிச்சுது" என்றார் கடைசியில்.

"ராத்திரி விளக்கு?"

"அதும் உண்டு. தமிழிலயும் உண்டு அண்ணாச்சி. நாம மூணாம் வசனத்தோட நிறுத்தீருவோம், அங்க வரைக்கும் போறதில்ல ஆக்கும்."

நாகர்கோவில் பக்கம் போகிற ரயில் அப்போது வந்தது. ரயில் வந்தால் எங்கள் வீட்டில் யாரும் பேச முடியாது. சன்னல் கதவு கடகடக்க, ஆறு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். அது போய் முடிந்ததும் பெரியப்பா அப்பாவின் பக்கம் திரும்பினார். "அதொக்க அந்தக் காலம். நீ சொல்லு. இவள விடப்போறியா?"

அப்பா பாக்கலாம் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். சொல்லட்டும், திங்கட்கிழமை தாண்டிவிடும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். அவர் அண்ணனைப் பார்க்கவே இல்லை. தரையைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"திங்கக்கிழம காலத்தே பஸ்சு எத்தன மணிக்கு?"

அம்மா வாய் லேசாகத் திறந்தபடி இருந்தாள். உபதேசியார்தான் சொன்னார். "ஏழே காலுக்கு ஒண்ணு உண்டு. நெய்யாற்றின்கரை வழி."

பெரியப்பா காப்பி குடிக்காமல் எழுந்து போனார். ஜெப வீட்டில் காப்பி குடிக்காமல் போவது என்றால் எங்கள் ஊரில் உறவு முறிந்தது என்று அர்த்தம். பெரியம்மை பழம்பொரி இருந்த தட்டை ஒரு தடவை ஏக்கத்தோடு பார்த்துவிட்டுப் பின்னால் போனாள். அந்த இரண்டு வீடும் பேசிக்கொள்ளப் பிறகு மூன்று கிறிஸ்மஸ் ஆயிற்று.

என் ஆத்திரத்தை என்னவென்று சொல்ல? எலிக்காக ஜெபித்தவள் நான். என் வாயாலேயே அம்மாவை பஸ் ஏற்றிவிட்டிருக்கிறேன். அம்மா என்னைக் கட்டிப்பிடிக்க வந்தாள், நான் விலகிக்கொண்டேன். சோறு வேண்டாம் என்றேன். அம்மாவோடு இனிப் பேசுவதில்லை என்று தீர்மானித்தேன். அவள் கேட்டது கிடைத்துவிட்டது, சந்தோஷமாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தோம். மத்தியானம் அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா என் பள்ளிக்கூட ரிப்பனை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மக்களே, கைய ஒண்ணு நீட்டு."

எதற்கு என்று கேட்கவில்லை, பேசக் கூடாதே. நீட்டினேன். முழங்கைக்கு மேலே ரிப்பனை இறுக்கிக் கட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு, முழங்கையின் உள்பக்கத்தில் ஆள்காட்டி விரலால் மெதுவாக அமுக்கி அமுக்கித் தேடினாள். விரல் சில்லென்று இருந்தது. ஓரிடத்தில் நிறுத்தினாள், தலையை ஆட்டினாள், அவிழ்த்தாள், மறுபடியும் கட்டினாள், மறுபடியும் தேடினாள். என்னைச் சமாதானம் பண்ணுவதற்காக ஏதோ டாக்டர் விளையாட்டு விளையாடுகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். வேலைக்குப் போகிறவளுக்கு விளையாட்டு வேறா? வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டேன்.

அம்மா கொஞ்ச நேரம் ரிப்பனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் இடது கையிலேயே அதைச் சுற்றி, ஒரு முனையைப் பல்லால் கடித்து இழுத்துக் கட்டி, தன்னுடைய நரம்பைத் தானே தேடத் தொடங்கினாள். நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் மேலுதடு முழுக்க வியர்வை.

பதினோரு வருஷம் ஊசி பிடிக்காத கை அது. மறுநாள் முன்பின் தெரியாத ஒரு நோயாளி அந்தக் கையை நம்பித் தன் கையை நீட்டப்போகிறார். ஜெயித்தவர்களுக்கும் பயம் உண்டு என்பதும், வீட்டில் எல்லாரையும்விட அதிகமாகப் பயந்துபோயிருந்தது அவள்தான் என்பதும் அன்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் கை கொடுத்திருப்பேன்.