கிகுயோ அக்காவின் மைக்

தேர்தல் வந்தால் எங்கள் ஊரில் வேனில் உட்கார்ந்து வேட்பாளரின் பெயரை மைக்கில் கூவுவது கிகுயோ அக்காதான். இருபத்தாறு வருடமாக வெள்ளைக் கையுறை போட்ட கையை ஆட்டியபடி, வழியில் நிற்பவர்களையெல்லாம் பெயர் சொல்லி நலம் விசாரிப்பார். வேன் ஓட்டுவது நான்.

இந்த முறை மேயர் பதவிக்கு நின்றவர் பழைய மேயரின் மகன் குராதா. பஸ் நின்றுபோய் மூன்று வருடமான கிராமத்தில் இறங்கி, "பஸ்ஸெல்லாம் ஒழுங்கா வருதா?" என்று கேட்ட மகானுபாவர்.

அன்று வெங்காய வயலில் நின்ற ஒருவரைப் பார்த்து அக்கா மைக்கில், "மோரிண்ணே, முழங்கால் இப்ப தேவலையா?" என்றார்.

வேனில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த குராதா சீறினார். "அந்தாளு முழங்காலுக்கா ஓட்டுக் கேக்கறோம்? என் பேரைச் சொல்லும்மா!"

அக்கா மைக்கை அவர் மடியில் வைத்தார். "உங்களுக்குத் தெரிஞ்சது உங்க பேரு ஒண்ணுதான். நீங்களே சொல்லிக்குங்க, தம்பி." கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு இறங்கி நடந்தார். மைக் அணையாமல் இருந்ததால் ஊர் முழுக்கக் கேட்டது.

எங்கள் நாட்டு வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயர் அச்சாகியிருக்காது; ஓட்டுப் போடுபவர்தான் கையால் எழுத வேண்டும். குராதா முப்பத்தெட்டு ஓட்டில் தோற்றார். தேர்தலிலேயே நிற்காத கிகுயோவின் பெயர் நாற்பத்தொரு சீட்டுகளில் இருந்தது. செல்லாத ஓட்டு என்றார்கள்.

அதில் ஒன்று நான் போட்டது.