உமி கிளறும் ஞாயிறு

அப்பாவும் சித்தப்பாவும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாத காலத்தில்தான் எங்கள் கோழிகளுக்குக் குளிர் வந்தது.

கல்யாணமான கையோடு சித்தப்பா எங்கள் லோத்குண்டா வீட்டை விட்டு, ஊரின் மறுகோடியில் கச்சிபௌலி அடுக்குமாடிக்குக் குடிபோனார். போகிற அன்று இருவருக்கும் வார்த்தை தடித்துவிட்டது. பத்தாவது மாடியில் கோழி வளர்க்க முடியாதல்லவா, அவருடைய கோழிகள் எங்களோடு தங்கிவிட்டன. முந்தின வருஷம் கூண்டின் சிமெண்டுத் தரையில் அம்மா சாக்கு விரித்திருந்தாள். எச்சம் ஊறி, வெறும் தரையைவிட அந்தச் சாக்கே ஜில்லென்று ஆகி, இரண்டு கோழிகள் செத்துப்போயின. மிச்சத்தில் சாம்பல் கோழி என்னுடையது. எனக்கு அப்போது ஒன்பது வயது. இந்தக் குளிருக்கு அதைப் பறிகொடுப்பதில்லை என்று தீர்மானமாக இருந்தேன்.

டிசம்பர் பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா பைக்கில் வந்து இறங்கினார். கோழியைப் பார்க்கத்தான் வந்ததாக அம்மாவிடம் அழுத்திச் சொன்னார். அப்பா கைக்கெட்டும் தூரத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தரைக்கு வைக்கோல் போதும் என்று சித்தப்பாவிடம் சொல்லும்படி என்னிடம் சொன்னார். உமிதான் நல்லது என்று அப்பாவிடம் சொல்லும்படி சித்தப்பா சொன்னார். இரண்டு பேர் காதிலும் எல்லாம் விழுந்தது. ஆனாலும் நான் சொன்னதை வாங்கி வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர் இந்தியில் ‘கைக்கு’ என்றால் ‘ஏன்’. நான் எதற்கெடுத்தாலும் கைக்கு என்று கேட்கிறவள். யார் சொல்வது சரி என்று நானே பார்த்துவிடத் துணிந்தேன். எருமைக் கொட்டிலிலிருந்து வைக்கோல், தச்சுப் பட்டறையிலிருந்து மரத்தூள், சித்தப்பா கொண்டுவந்த உமி, மூன்றையும் தனித்தனி பேசினில் போட்டு ஒவ்வொன்றிலும் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினேன். மறுநாள் வைக்கோல் அடியில் புழுங்கி நாறியது. மரத்தூளில் மூக்கை விட்ட சாம்பல் கோழிக்குத் தும்மல் நிற்கவில்லை. உமி மட்டும் காய்ந்து பொலபொலவென்று இருந்தது, கையை உள்ளே விட்டால் கதகதப்பாகக்கூட இருந்தது.

அடுத்த ஞாயிறு அப்பா தோல்வியை ஒப்புக்கொண்டார், அதுவும் என் மூலமாகத்தான்.

“உமின்னா கட்டி பிடிச்சிக்கும், வாரா வாரம் கிளறணும். யாரு கிளறுவாங்கன்னு கேளு.”

“ஞாயித்துக்கெழம நான் வர்றேன்னு சொல்லு” என்றார் சித்தப்பா.

அன்றிலிருந்து வாராவாரம் ஊரின் அந்தக் கோடியிலிருந்து ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு வருவார். குனிந்து கூண்டுக்குள் நுழைந்து உமியைக் கிளறுவார். அப்பா வாசலில் ஒரே பக்கத்தைப் படித்துக்கொண்டிருப்பார். டீ ஆறுகிறது என்று சொல்லச் சொல்வார்.

ஒரு சனிக்கிழமை கை தவறிக் கம்பு உமியில் கொட்டிவிட்டது. கோழிகள் விழுந்தடித்துக்கொண்டு சீய்த்ததில், சாயங்காலத்துக்குள் மூலைமுடுக்கெல்லாம் உமி உதிரியாகிவிட்டது. மூச்சு வாங்க அப்பாவிடம் ஓடினேன்.

“அப்பா, கோழிங்களே கிளறிடுது. தினம் கம்பு போட்டா போதும். சித்தப்பாவ நக்கோ, வர வேணாம்னு சொல்லிடலாம்.”

அப்பா பேப்பரை மடித்து வைத்தார். “இத உன் சித்தப்பாகிட்ட சொல்லாத.”

“கைக்கு?”



மறுநாள் காலையில் கூண்டுக்குள் அப்பாவைப் பார்த்தேன். லுங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, உதிரியாகக் கிடந்த உமியை ஓரம் விடாமல் மிதித்து அமுக்கிக்கொண்டிருந்தார். கோழிகள் மிரண்டு மூலையில் நின்றன.

சித்தப்பா வந்து உமியைத் தொட்டுப் பார்த்தார். அதில் பதிந்திருந்த செருப்புத் தடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, “இந்த வாரம் ரொம்பக் கெட்டியா இருக்குன்னு உங்கப்பாகிட்ட சொல்லு” என்றார்.

“அதுக்குத்தான் வாரம் தவறாம வரணும்னு சொல்லு” என்றார் அப்பா.

இரண்டையும் ஒழுங்காகச் சேர்த்தேன். இந்தப் பெரியவர்களுக்குக் கோழி வளர்ப்பைப் பற்றி ஒன்றுமே தெரியவில்லை என்பதைச் சாம்பல் கோழியிடம் மட்டும் சொன்னேன்.