முதலுதவி அறையில் கொடுத்த நோட்டு

எங்கள் பனியன் கம்பெனியில் முதலுதவி அறை என்று ஒன்று இருந்தது. ஒரு கட்டில், ஒரு மேசை, பூட்டிய மருந்துப் பெட்டி. அடிபட்டவர்கள் யாரும் அங்கே போய் நான் பார்த்ததில்லை. விரலில் ஊசி ஏறினால் வெட்டுத்துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி மெஷினில் உட்கார்ந்துவிடுவார்கள். இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, துணி வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் தொழிலாளர் மனநலத்துக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்கப்போக, கோயமுத்தூரிலிருந்து ஒரு கவுன்சலிங் மேடம் புதன்கிழமை மதியம் அந்த அறையில் வந்து உட்கார ஆரம்பித்தார்.

ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. "நமக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு" என்று தையல் பெண்கள் சிரித்தார்கள். ஆனால் ஆள் வந்ததாகப் பதிவேட்டில் காட்டியாக வேண்டும். அந்த வெளிநாட்டுக்காரர்கள் வந்து சரிபார்க்கிற ஆடிட்டுக்கு வேண்டிய பதிவேடுகளை எழுதுகிறவள் நான். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால் கம்பெனிச் சுவரில் ஒட்டும் அறிவிப்புகளும் என் கையால்தான். அதனால் மேனேஜர் என்னையே அனுப்பினார். "சும்மா அரை மணி நேரம் உக்காந்துட்டு வாங்க. ரெஜிஸ்டர்ல ஒரு கையெழுத்து வேணுமில்லீங்க" என்றார். போலி நோயாளியாகத்தான் உள்ளே போனேன்.

உண்மையில் எனக்கு நோய் இருந்தது. அதற்கு நோய் என்று பேர் என்பதுதான் தெரியாது. நான் தின்பேன். சாப்பிடுவது வேறு, இது வேறு. யாராவது ஒரு வார்த்தை சொன்னால், அல்லது யாருமே ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தால், உள்ளே ஒன்று கிளம்பும். துணிக் குடோனில் ரோல்களுக்குப் பின்னால் நின்று ஏழு எட்டுத் தேங்காய் பன்னை மென்றும் மெல்லாமலும் விழுங்குவேன். ஒரே கடையில் வாங்கினால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று மூன்று பேக்கரி வைத்திருந்தேன். கடைக்காரர் கேட்காமலே "ஊட்டுக்கு ஒரம்பரை வந்திருக்காங்க" என்று இல்லாத விருந்தாளிகளைச் சொல்வேன். கவரைச் சுருட்டிக் கட்டிங் வேஸ்ட் மூட்டைக்குள் திணித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, மதியம் ஒரு கை சோறு போதும் என்று மற்றவர்கள் முன்னால் டப்பாவை மூடுவேன். "நீ என்ன காத்தக் குடிச்சே குண்டாகறயா" என்று கேலி செய்வார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

மூன்றாவது புதன்கிழமை மேடம் என் உள்ளங்கையில் ஒரே ஒரு வறுத்த நிலக்கடலையை வைத்தார். ஐந்து நிமிஷம் எடுத்துக்கொண்டு இதைச் சாப்பிட வேண்டும் என்றார். எங்கப்பன் குன்னத்தூர்ப் பக்கம் கடலை விவசாயம் செய்தவர். மூட்டை மூட்டையாகக் கடலை பார்த்து வளர்ந்தவளிடம் ஒரு கடலையைக் கொடுத்தால் சிரிப்பு வராமல் என்ன செய்யும்? சிரித்துக்கொண்டேதான் தொட்டுப் பார்த்தேன், முகர்ந்தேன், தோல் நாக்கில் ஒட்டுவதைக் கவனித்தேன். கடித்ததும் தித்திப்பு மெதுவாக வந்தது. இத்தனை வருஷமாக நான் எதையுமே ருசித்துத் தின்றதில்லை என்று அப்போது உறைத்தது. அழுதுவிட்டேன். பேக்கரி, குடோன், வேஸ்ட் மூட்டை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"இது பேராசை இல்லைங்க, கெட்ட பழக்கமும் இல்லை. இதுக்கு வைத்தியம் இருக்கு" என்றார் அவர். அப்படி எனக்குச் சொன்ன முதல் ஆள் அவர்தான். ஒரு நோட்டுப் போடச் சொன்னார். தின்னத் தோன்றும்போது முதலில் மூன்று மூச்சைக் கவனிக்க வேண்டும். பசியா, வேறு ஏதாவதா என்று பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று எழுத வேண்டும். தின்றுவிட்டாலும் தன்னைத் திட்டக் கூடாது, அதையும் எழுத வேண்டும். அந்த வேகம் கடல் அலை மாதிரி எழும்பி அடங்கிவிடும் என்றார். கடற்கரைக்கு நான் ஒரே தடவைதான் போயிருக்கிறேன். அயர்னிங் செக்‌ஷன் பாய்லர் என்று நினைத்துக்கொண்டேன். முள் ஏறும், உஸ்ஸென்று சத்தம் வரும், பிறகு தானாக இறங்கும்.

"எல்லாத்தையும் எழுதலாமுங்களா மேடம்?" என்று கேட்டேன்.

"எல்லாத்தையும். இது உங்களுக்கும் எனக்கும் மட்டுந்தான்."

எழுதினேன். என் கணவர் தினமும் பக்கத்துத் தெருவில் இருக்கும் அவர் அம்மா வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருவார். நான் ஆக்கியது சட்டியோடு அப்படியே இருக்கும். எனக்கும் போட்டு, அவருக்கு வைத்ததையும் போட்டு, அடிச்சட்டியை வழித்துத் தின்பேன். அதைப் பெற்ற தாயிடம்கூடச் சொன்னதில்லை, நோட்டில் எழுதினேன். 'அவர் இன்றைக்கும் அங்கேயே சாப்பிட்டுவிட்டார். என் கையால் ஆக்கியது அவருக்கு வேண்டாம். வயிறு பசிக்கவில்லை, நெஞ்சுக்குழி பசிக்கிறது' என்று ஒரு பக்கம்.

வைத்தியம் வேலை செய்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்க்காரி ஆகிவிடுவேன். இரண்டு மாதத்தில் மூன்று பேக்கரி ஒன்றாயிற்று, பிறகு வாரத்துக்கு ஒரு தடவையாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி, ஒரே தட்டு போட்டுக்கொண்டு, போதும் என்று எழுந்து கை கழுவினேன். சாதாரணமாக எல்லோரும் செய்வதுதான். எனக்கு அது பெரிய காரியமாக இருந்தது.

அந்தப் புதன்கிழமை மேடம் நோட்டை ஒரு வாரம் தன்னிடம் கொடுக்கச் சொன்னார். நிதானமாகப் படிக்க வேண்டும் என்றார். யோசிக்காமல் கொடுத்தேன்.

ஆடிட்டுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, நாலு மணி டீக்குக் கேண்டீன் பக்கம் போனேன். தொழிலாளர் நலப் பலகை முன்னால் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். என்னைக் கண்டதும் விலகி வழி விட்டார்கள். புதிதாக ஒட்டிய படங்களுக்கு நடுவில் என் நோட்டின் இரண்டு பக்கங்கள், ஜெராக்ஸ் எடுத்து, கண்ணாடிக்குள். மேலே பேர் இருந்த இடத்தில் வெள்ளை மை பூசியிருந்தார்கள். 'கவுன்சலிங் மூலம் பயன்பெற்ற தொழிலாளி' என்று தலைப்பு. ஒரு பக்கம் தேங்காய் பன். மற்றது நெஞ்சுக்குழி.

திருநெல்வேலிப் பக்கத்துத் தையல் பெண் ஒருத்தி, நல்ல பிள்ளை, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "யக்கா, இது ஒங்க கையெழுத்துல்லா?"

பலகையில் அதற்கு மேலேயே நான் எழுதிய கேண்டீன் நேரம், பக்கத்தில் நான் எழுதிய தீயணைப்பு விதிகள். கம்பெனியில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒவ்வொருவருக்கும் என் 'ழ'வின் சுழி தெரியும். பேரை அழித்தவர்களுக்கு அது தோன்றவில்லை. தோன்றியும் பரவாயில்லை என்று விட்டார்களோ என்னவோ.

என் கணவரின் சித்தப்பா மகன் அங்கே கட்டிங் மாஸ்டர். அன்று பொழுது சாய்வதற்குள் சேதி வீட்டுக்குப் போய்விட்டது. "ஏம்புள்ள, நான் எங்கம்மா ஊட்டுல திங்கறத கம்பெனிச் செவுத்துல எழுதி ஒட்டிட்டயாமா?" என்றார் அவர். நான் ஒட்டவில்லை என்றேன். "எழுதுனது நீதான?" என்றார். மறுநாளிலிருந்து வீட்டிலேயே சாப்பிட ஆரம்பித்தார். தலை நிமிராமல், ஒரு வார்த்தை பேசாமல், தட்டில் போட்டதையெல்லாம் தண்டனை மாதிரி தின்றுவிட்டு எழுந்து போவார். நான் இத்தனை வருஷம் ஆசைப்பட்டது இப்படித்தான் கிடைத்தது.

அடுத்த புதன்கிழமை முதலுதவி அறைக்குப் போனேன். மேடம் எப்போதும்போல நாற்காலியைக் காட்டினார்.

"உங்க பேர் எங்கயும் வரலைங்களே" என்றார். "நான் இங்க என்ன செய்யறேன்னு ஆதாரம் கேட்டாங்க. நல்லா குணமாகிற ஒரே ஆள் நீங்கதான். மத்தவங்களுக்கும் ஒரு தைரியம் வரும்னுதான் குடுத்தேன்."

"ரெண்டு பேருக்கு மட்டும்னு சொன்னீங்களே மேடம்."

அவர் தன் நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார். பிறகு அந்த மென்மையான குரலில் சொன்னார்: "இப்ப உங்களுக்குள்ள என்ன நடக்குதுன்னு கவனிங்க. இந்தக் கோபம் எங்க இருக்கு? நெஞ்சுலயா, வயித்துலயா? அதை எதிர்த்துச் சண்டை போடாம, சும்மா பாருங்க."

எனக்குக் கொடுத்த மருந்தையே என் வாயை அடைக்க எடுத்தார். அந்த நிமிஷம்தான் எனக்கு மனசு விட்டுப்போயிற்று. பலகையைக்கூட நான் மன்னித்திருப்பேன். "பார்த்துட்டேனுங்க மேடம்" என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

அதோடு போகவில்லை. ஆடிட்டுக்கு வந்த வெள்ளைக்கார அம்மாவுக்கு, யாரோ இங்கிலீஷில் சொல்லக் கேட்டு, அந்தப் பக்கங்கள் பிடித்துப்போய், அடுத்த தடவை வரும்போது இந்தத் தொழிலாளி முழுக்கக் குணமானதைப் பார்க்க வேண்டும் என்று எழுதிவிட்டுப் போனார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, புதன்கிழமை தவறக் கூடாது, நோட்டும் தொடர்ந்து வேண்டும் என்றார்.

எங்கள் ஊர்க் கம்பெனிகளில் வேலை நேரத்துக்கு இரண்டு ரெஜிஸ்டர் உண்டு. ஆடிட்டில் காட்டுவதற்கு ஒன்று, நடந்ததற்கு ஒன்று. காட்டுகிற ரெஜிஸ்டரை எழுதுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. எல்லா நாளும் ஒரே மாதிரி இருந்தால் சந்தேகம் வரும் என்று, நடுவில் ஒரு நாள் கால் மணி நேரம் தாமதம், ஒரு நாள் லீவு என்று இயற்கையாகக் கலந்துவிடுவேன். புது நோட்டையும் அப்படியே எழுதினேன். 'தின்னத் தோன்றியது. மூன்று மூச்சு விட்டேன். அடங்கியது.' நாலு நாளைக்கு ஒரு தடவை, 'இன்று தவறிவிட்டேன், இரண்டு பன். என்னைத் திட்டிக்கொள்ளவில்லை.' கம்பெனியிலாவது நிஜ ரெஜிஸ்டர் பீரோவில் பூட்டியிருக்கும். என் நிஜத்தை நான் எங்கேயும் எழுதவில்லை. பழைய மூன்று பேக்கரியோடு நாலாவதும் சேர்ந்திருந்தது.

மேடம் அந்த நோட்டை வாரா வாரம் படித்து மகிழ்ந்தார். மூன்று மாதம் கழித்து, சிகிச்சை நிறைவுற்றது என்ற தாளை என் முன்னால் நகர்த்தினார். அவர் கண் கலங்கியிருந்தது. "இதை நீங்களே செஞ்சீங்க" என்றார். நான் பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். யோசிக்கிறேன் என்று அவர் நினைத்திருப்பார். அவர் ஒரு தடவை மன்னிப்புக் கேட்பாரா என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால், அன்று காலை குடோனில் தின்ற பதினோரு பன்னையும் சொல்லி, மறுபடி முதல் கடலையிலிருந்து ஆரம்பிக்கலாமுங்களா என்று கேட்டிருப்பேன். அவர் மணிக்கட்டைத் திருப்பி நேரம் பார்த்தார். நான் கையெழுத்துப் போட்டேன்.