கலந்தர் காக்காவின் நீலக் குளியலறை

சலாம் சொல்லிக் கை நீட்டுவதற்கு முன்னால் கலந்தர் காக்கா தன் உள்ளங்கையை ஒரு தடவை திருப்பிப் பார்த்துக்கொள்வார். இன்றைக்கு என்ன நிறம் என்று தெரிந்துகொள்ளத்தான். பச்சை என்றால் தயங்காமல் நீட்டுவார். சிவப்பு என்றால், "பயப்படாதீங்க, ரெத்தமில்ல" என்று சொல்லிவிட்டு நீட்டுவார். நீலம் என்றால் மட்டும் கையை முதுகுப் பக்கம் கொண்டுபோய் இடுப்புச் சாறனில் நன்றாகத் துடைத்த பிறகுதான் நமக்குத் தருவார். துடைத்த பிறகும் நமக்குக் கொஞ்சம் கிடைக்கும்.

மருதமுனையில் கைத்தறி நூலுக்குச் சாயம் போடுகிறவர். முப்பத்திரண்டு வருஷம். சாயத் தொட்டியில் நூலை எத்தனை தடவை முக்கி எடுத்தால் என்ன நிறம் வரும் என்பது அவருடைய கண்ணுக்குத் தெரியும். அந்தக் கண்ணை அவர் பட்டறையில் கழற்றி வைத்துவிட்டு வருவதில்லை என்பதுதான் ஊருக்குச் சங்கடம். கலியாண வீட்டில் பெண் எப்படி என்று கேட்டால், சேலையைப் பார்த்துவிட்டு, "நாலு முக்கு. அஞ்சாவது முக்கும் முக்கியிருந்தா நல்லம்" என்பார். பெண்ணின் முகத்தைப் பார்த்தாரா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அவருக்கு மூன்று பெண்பிள்ளைகள். அதாவது நம்மூர் வழக்கத்தில் மூன்று வீடுகள். வளவுக் காணியை மூன்றாகப் பிரித்து, நஸ்லியாவுக்கும் ஹிமாயாவுக்கும் நுஸ்ஹாவுக்கும் வரிசையாக வீடு கட்டி, வரிசையாக மாப்பிள்ளைகளைக் குடியேற்றினார். மூன்று வீட்டிலும் அறையோடு சேர்ந்த குளியலறை. மூன்றுக்கும் டைல்ஸ் தெரிவு செய்தது மாப்பிள்ளை வீட்டார். ஒன்று மண்ணிறம், ஒன்று சாம்பல், ஒன்று றோஸ். பெற்றவர்களுக்கு மிஞ்சியது வளவின் பின்மூலையில் இரண்டு அறையும், மூன்று பக்கம் தகரம் அடித்த ஒரு கிணற்றடியும். நாலாவது பக்கத்துக்கு அவருடைய மனைவி சுபைறா ராத்தா ஒரு பழைய சேலையைக் கட்டியிருந்தார். காற்றுக் காலத்தில் ஒரு கையால் சேலையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் குளிக்க வேண்டும்.

மூத்தவளின் வீடு எழும்பியது சுபைறா ராத்தா றியாத்தில் வீட்டு வேலை செய்த நாலு வருஷத்தில். அந்த வீட்டு எசமானியின் குளியலறை தரையிலிருந்து கூரைவரை கருநீலமாம். தினமும் காலையில் டைல்ஸ் இடுக்கையெல்லாம் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுவது ராத்தாவின் வேலை. ராத்தா குளிப்பது சமையலறைக்குப் பின்னால், சலவை மெஷினுக்குப் பக்கத்தில். இதையெல்லாம் அவர் ஊருக்கு வந்து பதினேழு வருஷம் யாரிடமும் சொன்னதில்லை. கடைக்குட்டி நுஸ்ஹாவின் கலியாணம் முடிந்த மூன்றாம் நாள், சோறாக்கிய கிடாரம் கழுவிக்கொண்டிருந்தபோது, வெங்காயத்தின் விலையைச் சொல்வதுபோலச் சொன்னார்:

"நாலு வருஷம் தேச்சன். ஒரு நாளாவது ஒரு கோப்பத் தண்ணி அதுக்குள்ள நிண்டு என்ட தலைல ஊத்தல்ல."

பக்கத்தில் சட்டி அடுக்கிக்கொண்டிருந்த கலந்தர் காக்காவின் காதில் அது விழுந்தது. மறுநாள் காலையில் கிணற்றடியில் கயிறு பிடித்து நிலம் அளந்துகொண்டிருந்தார். கேட்டவர்களிடம் ஒரே பதில்தான். மூன்று மாப்பிள்ளைக்குக் கட்டியாயிற்று, இனி இவளுக்கு ஒன்று, அதே நீலத்தில்.

நோக்கம் பெரிது, கைவசம் இருந்தது சிறிது. அதைவிடப் பெரிய சிக்கல், அந்த நீலத்தைக் கண்டவர் ஒருவர், சாயம் போடுகிறவர் இன்னொருவர். எனவே ஒவ்வொரு மாலையும் பட்டறையிலிருந்து ஒரு பிடி நூலை நீலத்தில் முக்கிக் கொண்டுவந்து மனைவியிடம் நீட்டினார். முதல் நாள், "இது பள்ளிக்குடத்து நீலம்." இரண்டாம் நாள், "இது பொலிஸ் நீலம்." ஐந்தாம் நாள் கொண்டுவந்தது கடல் நீலமாம், கடலைத்தான் தினமும் பார்க்கிறோமே, அதற்கு எதற்குக் குளியலறை என்று திருப்பி அனுப்பப்பட்டது. பதினோராம் நாள் ராத்தா நூலை வாங்கி வாளித் தண்ணீரில் நனைத்துப் பார்த்தார். நனைந்த நூல் ஒரு படி கறுக்கும். குளியலறை எப்போதும் நனைந்துதான் இருக்கும். சாயக்காரருக்கே தோன்றாத யோசனை. பிறகு, "ஓம். இதுதான்" என்றார்.

அந்த நூலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கலந்தர் காக்கா கல்முனையிலுள்ள டைல்ஸ் கடைகளையெல்லாம் ஏறி இறங்கினார். எந்தத் தர்காவில் கட்டிய நூல் என்று கேட்டவர்களும் உண்டு. றமீஸின் கடையில் அந்த நீலம் அப்படியே இருந்தது. விலையைக் கேட்டதும், தூங்கும் பிள்ளையைத் தொட்டிலில் வைப்பதுபோல டைல்ஸை இரண்டு கையாலும் திரும்ப வைத்தார். கதையை விசாரித்த றமீஸ், யாரோ வாங்கியதில் மிஞ்சிக் கடைக்குப் பின்னால் கிடந்த ஒன்பது டைல்ஸை எடுத்துக் கொடுத்தான். மூன்றுக்கு மூலை உடைந்திருந்தது. "கொண்டு போங்க காக்கா. ராத்தாட துஆவுல என்ன மறந்திராதீங்க" என்றானாம். றமீஸைப் பற்றி நான் வேறு இடங்களில் வேறு விதமாக எழுதியிருக்கிறேன். அதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன்.

ஒன்பது டைல்ஸும் முக்காலியில் உட்கார்ந்து குளிக்கும்போது கண் போகிற உயரத்தில் ஒரே வரிசை. மற்றச் சுவரெல்லாம் நிறம் போட்ட சீமெந்துப் பூச்சு. இதுதான் திட்டம். பாண்டிருப்பிலிருந்து வந்த மேசன் கிசோக், சீமெந்தில் கலக்கிற நீலப் பவுடர் ஹாட்வெயார் கடையில் இருக்கிறது, ஆனால் விலை என்றான். சிவப்பு என்றால் மலிவாம். முப்பத்திரண்டு வருஷச் சாயக்காரரிடம் போய்ச் சொல்கிற பேச்சா இது? காக்கா பட்டறையிலிருந்து நூல் சாயத்தைக் கொண்டுவந்து கலவையில் கொட்டினார்.

"நூல் குடிக்கும் காக்கா. சீமெந்து குடிக்காது."

"குடிக்க வைக்கிறன், பாரு."

சொல்லிவிட்டு ஒரு பேணி நிறைய உப்பை அள்ளிக் கலவையில் போட்டார். நூலில் சாயம் பிடிக்க உப்புத்தான் போடுவார்கள். ஆனால் சீமெந்தில் உப்புப் போட்டவரை மேசன்மார் இதுவரை கண்டதில்லை. கிசோக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனான். திரும்பி வந்து, காக்கா கலந்ததையே பூசி முடித்தான்.

ஒரு கிழமை, ஏழு நாளும், அந்தச் சுவரைப் போல அழகு இந்தக் கரையோரத்தில் இல்லை. நானும் உள்ளே போய்ப் பார்த்தேன். மைப்போத்தலுக்குள் நிற்பதுபோல இருந்தது.

முதல் குளிப்பு வெள்ளிக்கிழமை என்று சுபைறா ராத்தா நாள் வைத்தார். துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு கதவுவரை வந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து நுஸ்ஹாவின் வீட்டில் தண்ணீர் மோட்டர் நின்றுபோனது. கடைசி மருமகன் றிஷாட் வெள்ளை ஜுப்பாவைக் கையில் பிடித்தபடி வேலியைக் கடந்து வந்தான். ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாகிறது, மாமாவின் புது பாத்றூம் இருக்கிறதுதானே என்றான். ராத்தா ஒதுங்கி நின்றார். "போங்க மகன், நீங்க அவசரமாப் போகணும்" என்றார். நம்மூரில் மருமகனுக்கு முதலில் கொடுக்காமல் நாம் வைத்திருப்பது செத்தவரைத் தூக்குகிற சந்தூக்கு ஒன்றைத்தான். கலந்தர் காக்கா முற்றத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு தன் கையைத் திருப்பிப் பார்த்தார்.

அன்று பள்ளிவாசலில் எனக்கு முன் வரிசையில் றிஷாட். ஜுப்பாவின் முழங்கையில் நீலம், தோளில் நீலம். நெற்றியை நிலத்தில் வைக்கச் சுஜூதுக்குப் போனபோது எனக்கு நேரே இரண்டு நீல உள்ளங்கால்கள். அல்லாஹ் மன்னிக்க வேண்டும். அந்தத் தொழுகையில் என் மனம் எங்கே இருந்தது என்று நான் சொல்லப்போவதில்லை. தொழுகை முடிந்து வெளியே வரும்போது என் பக்கத்தில் தொழுத முனாப் சும்மா இருக்காமல், மருமகனையும் சாயத்தில் போட்டாயிற்றா என்று காக்காவைக் கேட்டான்.

"ஓம் தம்பி. இன்னும் ரெண்டு முக்கு இரிக்கி."

சிரிக்காமல்தான் சொன்னார். வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னவில்லை. திங்கட்கிழமைக்குள் சுவரில் வெள்ளை வெள்ளையாக உப்பும் பூத்துவிட்டது. நீலம் தரையெல்லாம் ஓடி, சுவர் துவைத்த சாறனைப் போல வெளிறி நின்றது. அதற்கு முன்னால் மனிதர் முக்காலியைப் போட்டுக் குந்திக்கொண்டார். அவளுடைய ஒரு ஆசை, அதையும் இந்தக் கையால் கெடுத்துவிட்டேனே என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாராம். ராத்தாதான் கடைசியில் எழுப்பினார்.

"நூலெண்டா என்ன செய்வீங்க? கழுவிப்போட்டு மறுகா முக்குவீங்கதானே. எழும்புங்க."

கிசோக் வந்து உப்புப் பூச்சை முழுதும் கொத்தி எடுத்தான். ஒன்பது டைல்ஸை மட்டும் தொடவில்லை. புதிதாகப் பூசி, ஒரு மாதம் காயவிடச் சொன்னான். அந்த ஒரு மாதம் கழிந்ததும் தன் மச்சானிடமிருந்து இரண்டு பேணி பெயின்ற் கொண்டுவந்தான். மச்சானுக்கு வினாயகபுரத்தில் மீன்பிடி. தோணிக்கு அடித்து மிஞ்சிய நீலம். கடலிலேயே கிடந்து போகாத நிறம் வாளித் தண்ணீருக்கா போகும்? ஆனால் தோணி நீலம் ராத்தாவின் நீலம் இல்லை. கலந்தர் காக்கா முற்றத்தில் உட்கார்ந்து, நனைத்த நூலைப் பக்கத்தில் தொங்கவிட்டு, தேக்கரண்டியால் கறுப்புப் பெயின்றைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்தார். கிசோக் இந்தமுறை தேத்தண்ணி குடிக்கப் போகவில்லை. இரண்டு மணித்தியாலம் பக்கத்திலேயே குந்தியிருந்து பார்த்தான். கடைசிச் சொட்டு விழுந்ததும் நூல் எங்கே, பெயின்ற் எங்கே என்று தெரியவில்லை. "காக்கா, இது மட்டும் எனக்கு ஏலாது" என்று அவன் ஒத்துக்கொண்டதை நான் காதால் கேட்டேன்.

மறுபடியும் ஒரு வெள்ளிக்கிழமை. யாருடைய மோட்டரும் நிற்கவில்லை. நின்றிருந்தாலும் மூன்று மருமக்களில் ஒருவரும் அந்தப் பக்கம் தலை வைத்தும் படுத்திருக்கமாட்டார்கள். றிஷாட்டின் கால் வெளுக்கப் பன்னிரண்டு நாள் ஆனது ஊரறிந்த விஷயம். சுபைறா ராத்தா உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். நெடுநேரம் தண்ணீர்ச் சத்தமே இல்லை. வெளியே நின்ற காக்காவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

"சுபைறா, தண்ணி வரல்லியா?"

"வருது. நான் கொஞ்சம் பாத்துக்கிட்டு இரிக்கன்."

அதற்குப் பிறகுதான் முதல் கோப்பை ஊற்றுகிற சத்தம் கேட்டது. குளியலறைக்குள் நின்று இறைவன் பெயரைச் சொல்லக்கூடாது என்பதால், வெளியே நின்றவர் ராத்தாவுக்கும் சேர்த்து அல்ஹம்துலில்லாஹ் என்றார். இரண்டு தடவை சொன்னார், ஆளுக்கொன்று.

தலைத் துவாயோடு வெளியே வந்த ராத்தா ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "நாலு வருஷம் தேச்சிட்டன். இத நான் தேய்க்கமாட்டன்." அதற்குக் காக்கா, "ஓம்" என்றார். அன்றிலிருந்து வியாழக்கிழமை தோறும் பிரஷ்ஷோடு உள்ளே குந்தியிருப்பவர் காக்காதான். டைல்ஸ் ஒன்பதுதானே என்று நான் ஆறுதல் சொன்னேன். உடைந்த மூலை மூன்றிலும் அழுக்கு அதிகம் பிடிக்கும், தம்பி அறியமாட்டீர் என்றார்.

கதை இத்துடன் முடிந்திருக்கலாம். ஆனால் நல்ல சேதி நம்மூரில் வேலி தாண்டும். போன கிழமை நுஸ்ஹாவின் வீட்டு மோட்டர் திரும்பவும் நின்றது. தோணிப் பெயின்றாமே, இப்போது உடம்பில் ஒட்டாதாமே என்று றிஷாட் விசாரித்திருக்கிறான். நுஸ்ஹா அதை வாப்பாவின் காதில் போட்டுவிட்டாள்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. காலை வேலையை அரைவாசியில் நிறுத்திவிட்டுக் கலந்தர் காக்கா வீட்டுக்கு வந்தார். நானும் கூட வந்தேன். பட்டறையில் கை கழுவாமல் வந்திருந்தார். முழங்கைவரை ஈர நீலம். நேரே கொடிக்குப் போய் ஒரு வெள்ளைத் துவாயை உருவி எடுத்தார். உள்ளங்கை, புறங்கை, ஒவ்வொரு விரலாக, ஒரு அவசரமும் இல்லாமல் அதில் துடைத்தார். பிறகு அந்தத் துவாயை நீலம் நுஸ்ஹாவின் வீட்டுப் பக்கம் தெரியும்படி விரித்து, குளியலறைக் கதவின் மேல் தொங்கவிட்டார்.