அம்மா குழைத்த நுரை

வெந்நீரில் நனைந்த சவரச் சோப்பின் வாசனை, கரும்புச் சக்கையும் சாணமும் மணக்கும் எங்கள் பாரூர் வீட்டு வாசலில் முதன்முதலாக எழுந்தபோது நான் பாவாடை கட்டிய சிறுமி. அந்தச் சோப்பைக் குழைத்தவர் அப்பா அல்ல, அம்மா.

ஐம்பதுகளில் ஒரு கோடை. ஏரிக் கால்வாயின் மதகை மேல்வயல்காரர்கள் அடைத்துக்கொள்கிறார்களா என்று விசாரிக்க வந்த அதிகாரியிடம், அடைக்கிறார்கள்தான் என்று அப்பா உள்ளதைச் சொல்லிவிட்டார். உடனே எங்கள்மேல் "ஊர்க்கட்டு" விழுந்தது. யாரும் எங்களோடு பேசக்கூடாது, சலவைக்காரர் துணி எடுக்கக்கூடாது, நாவிதர் அப்பாவின் முகத்தில் கை வைக்கக்கூடாது. அப்பாவின் வலது கை விரல்களை முன்பே கரும்பு ஆலை தின்றிருந்தது. இடது கையால் சோறு உண்ணப் பழகியவருக்குச் சவரம் மட்டும் கைவரவில்லை. தாடி வளர்ந்தது. "துக்கம் காக்கிறவன் மாதிரி ஆயிட்டான் பாரு" என்று தெருவில் போகிறவர்கள் அவர் காதில் விழும்படியே சொன்னார்கள். அவர் தலைகுனிந்து வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

அம்மா தளிக்கு அப்பால், கன்னடம் பேசும் ஜவளகிரிப் பக்கத்தில் பிறந்தவள். காவேரிப்பட்டினம் போய்ச் சோப்பும் பிரஷும் பிளேடு செட்டும் வாங்கிவந்தாள். வீட்டுக்குள்ளேயே செய்யலாமே என்று அப்பா கெஞ்சியதற்கு, "நாம என்ன களவா பண்றோம்?" என்று முக்காலியைத் தெருவைப் பார்த்துப் போட்டாள்.

முதல் தடவை தோற்றுப்போனாள். முகம் முழுக்க நுரையை அப்பிவிட்டு ஒரு கன்னத்தை முடிப்பதற்குள், ஏரிக்காற்றில் மறு கன்னத்து நுரை காய்ந்து பொருக்காகி, பிளேடு இழுத்து ரத்தம் வந்தது. எதிர்வீட்டில் சிரித்தார்கள். அம்மா விடவில்லை. அடுத்தடுத்த வாரங்களில் நுரையின் குணத்தைப் படித்துக்கொண்டாள்: பிரஷை ஊறவிட்டு உதறி, சோப்புக் கிண்ணத்தை வெந்நீர்ச் சட்டிக்குள் வைத்துச் சூடு தணியாமல் காத்து, ஒரு பக்கம் தடவி மழித்த பிறகே மறுபக்கம் தொட்டாள், நுரை வாடுவதாகத் தெரிந்தால் பிரஷ் நுனியில் சொட்டு வெந்நீர் தொட்டு, வட்டமாகத் தேய்த்து, மறுபடி தயிர் ஏடுபோலத் தடிக்க வைத்தாள். தண்ணீர் கூடினால் நுரை வழிந்தோடும் என்பதையும் அப்பாவின் கன்னத்தில்தான் கற்றாள்.

மதகு பற்றிய மேல்விசாரணைக்காக அப்பா கிருஷ்ணகிரி புறப்பட வேண்டிய காலையில், சவரம் பாதியில் இருக்கும்போது, ஊர்க்கட்டு விதித்த ஊர்த்தலைவர், பெரியதனக்காரரே வாசலில் வந்து நின்றார். அப்பா பதறி எழப் பார்த்தார். அம்மா அவர் தோளை அழுத்தி, "சும்னிரி" என்றாள். கோபம் வந்தால் அவளுக்குக் கன்னடம்தான் வரும்; பேசாமலிருங்கள் என்று பொருள்.

"ஒரு வார்த்தை பேசணும்மா," என்றார் பெரியதனக்காரர்.

"நில்லுங்க மாமா. நொரை காஞ்சிடும்."

அவர் நின்றார். ஊரையே நிற்கவைத்த மனிதர் ஒரு கிண்ணத்து நுரைக்காக வெயிலில் நிற்பதைத் தெருவே பார்த்தது. அம்மா அவசரப்படவில்லை, வெந்நீர் தொட்டாள், குழைத்தாள், மறு கன்னத்தில் தடவினாள். பொறுக்க முடியாமல் அவரே ஆரம்பித்தார்.

"மதகு மண்ணு சரிஞ்சி தானா அடைச்சிக்கிச்சின்னு சொல்லச் சொல்லு. நாளைக்கே நாவிதன அனுப்பறேன்."

அம்மா மேலுதட்டை மழித்து முடித்துப் பிளேடைக் கழுவினாள்.

"எங்க வூட்டு மொகத்த நாங்களே பாத்துக்கறோம் மாமா. நீங்க தண்ணிய உடுங்க, போதும்."

மழுமழுவென்ற முகத்தோடு அப்பா கிருஷ்ணகிரி போய், முன்பு சொன்னதையே மறுபடி சொன்னார். அந்தப் போகத்துக்கே மதகு திறந்தது. ஊர்க்கட்டு மெல்ல மெல்லத்தான் தளர்ந்தது. பிறகு நாவிதர் தயங்கித் தயங்கி வந்தபோது, அவர்மேல் வருத்தமில்லை என்று அப்பா உட்காரவைத்து மோர் கொடுத்தார்; முகத்தை மட்டும் கடைசிவரை அம்மாவிடமே கொடுத்தார்.

இப்போது ஓசூரில் தொழிற்சாலைக்குப் போகும் என் மகன் ஒரு டப்பாவை அமுக்குகிறான், நுரை வந்துவிடுகிறது, நல்லதுதான். அந்தக் காலத்து ஊர் ஒற்றுமையெல்லாம் போய்விட்டதே என்று என் வயதுக்காரர்கள் பெருமூச்சு விடும்போது மட்டும் நான் வாயை மூடிக்கொண்டிருப்பதில்லை. அந்த ஒற்றுமை ஒரு மனிதனின் தாடியைக்கூடத் தண்டனையாக்கியது என்று சொல்லிவிடுகிறேன். அது போனதற்கு நான் அழமாட்டேன். அப்பாவும் அம்மாவும் போனதற்குத்தான் அழுதேன்.