மேட்டு வாசலில் நின்ற லாரிக் கூண்டு

லாரி ஓட்டுகிறவருக்கு ரோட்டில் பாடு. அவரைக் கட்டிக்கொண்டவளுக்கு வண்டி வூட்டுக்கு வந்து நின்ற பிறகுதான் பாடு. அதிலும் மேட்டில் வூடு கட்டி, லாரியும் வாங்கி, அந்த லாரிக்குக் கழட்டி மாட்டுகிற மாதிரி ஒரு கூண்டும் செய்து வைத்துக்கொண்டவர்கள் யாராவது இதைப் படிக்கிறீர்களா? உங்களுக்காக மாதாவிடம் ஒரு அருள் நிறைந்த மந்திரம் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன்.

அறுபதுகளில் நடந்த சங்கதி. பாப்பிரெட்டிப்பட்டி ரோட்டோரத்தில் எங்கள் வூடு. என் வூட்டுக்காரர் சவரிமுத்து சொந்த லாரி ஓட்டினார். வருஷத்தில் பாதி நாள் புளி, மாங்காய், கடலைக்காய் மூட்டை ஏற்றுவார். திருவிழாக் காலம் வந்துவிட்டால் வேளாங்கண்ணிக்கும் திருப்பதிக்கும் போக ஜனங்கள் வண்டி கேட்பார்கள். மூட்டை ஏற்றுகிற வண்டியில் பெண்டு பிள்ளைகளை வெயிலில் எப்படிக் கூட்டிப்போவது என்று யோசித்து, ஆசாரியை வைத்து ஒரு கூண்டு செய்தார். பலகைச் சுவர், தகரக் கூரை, ரெண்டு பக்கமும் பெஞ்சு, குழந்தைகள் படுக்க மேலே ஒரு பரண், அடுப்பு வைக்கத் தகரம் அடித்த மூலை, பின்னால் ஒரு கதவு. ஒரு சின்ன வூட்டையே தூக்கி லாரி முதுகில் வைத்த மாதிரி இருக்கும்.

யாத்திரைக்கு ஏற்றுவோம். வந்ததும் இறக்குவோம். இறக்கி வைக்க வாசலைத் தவிர வேறு இடம் கிடையாது. வாசலோ வூட்டிலிருந்து ரோடு வரைக்கும் ஒரே சரிவு. ஒரு எலுமிச்சம்பழம் கை தவறினால் ரோட்டில் போய்த்தான் பொறுக்க வேண்டும். அந்த வாசலில் டிரம்முகளின் மேல் கூண்டு உயரமாக நின்றதும், பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்த்துக் கேட்பார்கள்: “என்னாங்க, தேரு ரெடியாயிருச்சு, எப்ப இழுக்கறீங்க?”

ஆசீர்வாதம் ஓடிய மூலை

முதல் முறை இறக்கியபோது, ரோடு போட்டவர்கள் விட்டுப்போன தார் டிரம்மில் மண் நிரப்பி, மூலைக்கு ஒன்றாக நிறுத்தினோம். எல்லாம் ஒரே உயரம். கூண்டின் அடியில் குறுக்கே ரெண்டு வேப்பஞ்சட்டம் லாரியைவிட அகலமாக நீட்டிக்கொண்டிருக்கும். ஜாக்கி வைத்துச் சட்டத்தைத் தூக்கி, டிரம்மின் மேல் உட்கார வைத்துவிட்டு, அடியிலிருந்து லாரியை மெதுவாக ரோட்டுப் பக்கம் உருட்டி எடுத்தார். பார்க்க நேராகத்தான் இருந்தது. சரிந்த வாசலிலேயே புழங்குகிற எங்கள் கண்ணுக்குச் சரிவு எங்கே தெரியப் போகிறது?

எங்கள் கோயில் பங்குச் சாமியார் கூண்டை மந்திரிக்க வந்தார். ஏணியில் ஏறி உள்ளே போய் ஜெபம் சொன்னார். தீர்த்தம் தெளித்துவிட்டுச் செம்பைப் பலகையில் வைத்தார். செம்பு ஆள் தள்ளினது போல நகர்ந்தது, சாய்ந்தது, மிச்சத் தீர்த்தம் பூராவும் ரோட்டுப் பக்கத்து மூலைக்கு ஓடி இடுக்கு வழியாகச் சொட்டியது. நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். என் வூட்டுக்காரர் முகம் செத்துப்போய்விட்டது. சாமியார் மட்டும் சிரித்தார்: “ஆசீர்வாதம் பூரா கீழ் மூலைக்குப் போயிருச்சும்மா. மேல் மூலையில படுக்கறவங்களுக்கு நாளைக்கு வேற கொண்டாரேன்.”

பெருமாள் காத்திருந்தார்

அன்றிலிருந்து தட்டுத் தண்ணீர் என் வேலை ஆனது. கூண்டை இறக்கும்போதெல்லாம் ஒரு பித்தளைத் தட்டில் விளிம்பு வரைக்கும் தண்ணீர் ஊற்றி, உள்ளே நட்ட நடுவில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். வெளியே இவர் ஜாக்கியைத் திருகுவார். எந்தப் பக்கம் வழிகிறதோ அதை நான் கத்த வேண்டும். கீழ்ப்பக்கத்து டிரம்மின் மேல் கல் மேல் கல்லாக அடுக்கித்தான் தண்ணீர் நிலைக்கு வரும். ஜெபமாலை சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். நடுநடுவே “கீழ சாயுதுங்க” என்றும் சொல்வேன். மாதா கோபித்துக்கொள்ளவில்லை.

ஒரு வருஷம் வத்தல்மலைக்காரர்கள் திருப்பதி போகப் பேசியிருந்தார்கள். கூண்டை ஏற்றலாம் என்று போனால், கீழ்ப்பக்கத்து டிரம் மண்ணில், அடுக்கின கல்லுக்குப் பக்கத்தில் என் செவலைக் கோழி அடைகாத்துக்கொண்டிருக்கிறது. அந்த மூலையில் ஜாக்கி வைத்தால் கல் விழும். கோழியைத் தூக்கி வேறு இடத்தில் வைத்தால் திரும்ப முட்டையில் உட்காராது. இவர் என்னை முறைக்கிறார், கோழி இவரை முறைக்கிறது. மலையிலிருந்து சோற்று மூட்டையோடு நடந்து இறங்கி வந்தவர்களுக்கு என்ன பதில் சொல்வது? அவர்களில் பெரியவர் ஒருவர் குனிந்து பார்த்தார். முட்டை ஒன்றில் கீறல் விட்டிருந்தது. தோளில் இருந்த மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அவர் சொன்னது: “பொரிக்கட்டுங்க. சாமை அறுத்தாச்சு, எங்களுக்கென்ன அவசரம். பெருமாளு எங்கியும் போவ மாட்டாரு.”

தலை வைக்கிற பக்கம்

அதற்கப்புறம் கொஞ்ச வருஷம் கழித்துத்தான் ஞானம்மா அண்ணி வந்தார்கள். என் வூட்டுக்காரரோடு பிறந்த அக்கா. குழந்தை குட்டி இல்லை. அவர்கள் வூட்டுக்காரர் இறந்ததும், கொழுந்தன்மார் வூட்டைப் பாகம் பிரித்ததில் அண்ணிக்கென்று ஒரு மூலை மிஞ்சவில்லை. ஒரு தகரப் பெட்டியோடு பஸ்ஸிலிருந்து இறங்கி, “ரெண்டு நாளு இருந்துட்டுப் போறேன் கண்ணு” என்றார்கள்.

எங்களுக்கு இருந்தது ஒரே அறை. அதற்குள் நாங்களும் பிள்ளைகளும். அண்ணி ஒரு பார்வை பார்த்தார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராகப் போய்க் கூண்டு ஏணியில் ஏறிவிட்டார்கள். எவ்வளவு கூப்பிட்டும் இறங்கவில்லை. “இதுல காத்து வருது கண்ணு, அங்க புழுங்கும்” என்றார்கள்.

இவரோ அன்பாக நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசத் தெரியாத மனுஷர். அந்த முறை அவசரத்தில் இறக்கிய கூண்டு, கொஞ்சம் கீழ்ப்பக்கம் சாய்ந்துதான் நின்றது. வாசலில் சும்மா நிற்கிற கூண்டுக்கு அது போதும் என்று விட்டிருந்தோம். சாயங்காலம் காபி குடித்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு போனார். கூண்டுக்கு அடியில் குனிந்தபடியே குரல் கொடுத்தார்: “யக்கா, தல எந்தப் பக்கம் வெச்சுப் படுப்ப?”

மூட்டை கட்டுகிற காலம்

ரெண்டு நாள், ரெண்டு வருஷத்தையும் தாண்டியது. என் பிள்ளைகளுக்குத் தலை வாரியது, பாடம் கேட்டது, காய்ச்சல் வந்தால் மடியில் போட்டுக்கொண்டது எல்லாம் அத்தைதான். இன்றைக்குப் பேரன் பேத்தி எடுத்துவிட்ட என் பெரிய பெண், தலைவலி என்றால் இன்னமும் அத்தை பேரைச் சொல்லித்தான் முனகுகிறாள்.

ஆனால் யாத்திரைக் காலம் வரும். கூண்டு லாரியில் ஏறியாக வேண்டும். யாரும் சொல்வதற்கு முன்னால் அண்ணி பாயைச் சுருட்டி, பெட்டியை இறக்கி, கூண்டைக் கழுவி விட்டுவிடுவார்கள். வண்டி திரும்பி வரும் வரைக்கும் மாட்டுக் கொட்டகை ஓரத்தில் ஒரு கட்டில். உள்ளே வாங்க என்று நான் அழுதாலும் வர மாட்டார்கள். வண்டி வந்ததும் திரும்பக் கூண்டு. வந்து குடியேறின குருவியை வருஷா வருஷம் கலைத்து விடுகிற மாதிரி எனக்கு மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். வாடகையில்தான் பிள்ளைகள் படிப்பு என்பதால் வாயைத் திறக்கவும் முடியாது. மாதா படத்துக்கு முன்னால் மட்டும் திறப்பேன்.

எழுபதுகளில் ஒரு வருஷம், வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்குக் கூண்டைக் கழுவிக்கொண்டே அண்ணி சாதாரணமாகச் சொன்னார்கள். ஓசூர்ப் பக்கம் ஏதோ கன்னியர் மடத்தில் சமையலுக்கு ஆள் கேட்கிறார்களாம். இந்த வண்டி திரும்பியதும் கிளம்பிவிடுவார்களாம். “நாங்க என்னா குத்தம் பண்ணிட்டோம் அண்ணி?” என்றேன். கழுவின துணியை முறுக்கிப் பிழிந்தபடி சொன்னார்கள்: “குத்தம் என்னா கண்ணு. சக்கரம் வெச்ச வூட்டுல எத்தன நாளைக்கு இருக்கறது?”

செருப்பைக் கழட்டியவர்கள்

வண்டி போயிருந்த நாளெல்லாம் என் ஜெபம் ஒரே ஜெபம்தான். மழை வேண்டாம், பிள்ளைகளுக்கு மார்க்கு வேண்டாம், அண்ணி போகக்கூடாது. அவர்கள் என்னடாவென்றால் பெட்டிக்குப் புதுப் பூட்டுக்கூட வாங்கி வைத்துவிட்டார்கள்.

திருவிழா முடிந்து லாரி வந்து நின்றது. பெண்கள் இறங்கினார்கள். எல்லார் கையிலும் மாதா கோயில் எண்ணெய், கூடவே அவரவர் செருப்பு. நான் இவருக்குச் சொம்பில் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். பாப்பிரெட்டிப்பட்டிக்கார அம்மா ஒருவர், நல்ல தடித்த சரீரம், இவரிடம் வந்து மெதுவான குரலில் பேசினார். கூண்டுக்குள் பரண் ஓரத்தில் ஒரு ஆணி, அதில் ஒரு சீப்பு, பலகையில் சாக்பீஸால் ஒரு சிலுவை, இடுக்கில் செருகின ஒரு மாதா படம். அண்ணி எடுக்க மறந்தவையா, எடுக்க மனசு வராதவையா, எனக்குத் தெரியாது. அந்த அம்மா சொன்னதை மட்டும் அப்படியே எழுதுகிறேன்: “இது யாரோ குடியிருக்கற வூடுங்க அண்ணா. ஏறி ஒக்காந்ததும் தெரிஞ்சு போச்சு. போவ வர நாங்க செருப்பு போட்டு உள்ள கால் வைக்கல.”

இவர் சொம்பை வாயில் வைத்தவர் குடிக்கவே இல்லை.

ஜாக்கி மரை

மறுநாள் கூண்டை இறக்கவில்லை. லாரியை அப்படியே நிறுத்திவிட்டு எங்கோ போனார். மாட்டு வண்டியில் கல்கால் வந்து இறங்கியது. வேலிக்கு நடுகிறோமே, அந்தக் கல்கால்தான், ஆனால் நல்ல தடிமன். பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் வந்து குழி தோண்டினார்கள். மேல்பக்கம் குட்டையாக, கீழ்ப்பக்கம் நெட்டையாக, கல்லைக் குழியில் இறக்கி இறுக்கினார்கள். சட்டத்தைக் கல்லோடு சேர்த்து அடிக்க இரும்புப் பட்டையும் வந்திருந்தது.

இறக்குகிற நேரம் நான் வழக்கம்போலத் தட்டை எடுத்தேன். இவர் அதை என் கையிலிருந்து வாங்கி, பெட்டியும் கையுமாக நின்ற அண்ணியிடம் நீட்டினார். “யக்கா, நீ ஏறு.” அண்ணிக்கு ஒன்றும் புரியவில்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார்கள். நான் கதவோரம் ஏணியில் நின்றேன்.

“இப்ப எப்பிடிக்கா?”

“கீழ சாயுது.”

“இப்ப?”

“வூட்டுப் பக்கம் வருது. ஏன்டா சவரி, கல்ல நட்டுப் பட்டையும் அடிச்சுட்டா அடுத்த தபா கூண்ட எப்பிடி எடுப்ப?”

“ஜாக்கி மரை தேஞ்சு போச்சுக்கா. இனிமே அதுக்குத் தூக்கற தெம்பு இல்ல. நீ தண்ணியப் பாரு.”

ஜாக்கித் திருகில் மரை தேயாமல் பளபளவென்று இருப்பது எனக்குத் தெரியும். எண்ணெய் போடுகிறவளே நான்தானே. அண்ணி தட்டைப் பார்த்தார்கள். கீழேயிருந்து இவர், “என்னாக்கா, நிக்குதா இல்லியா?” என்று ரெண்டு முறை கேட்டார். பிறகுதான் பதில் வந்தது: “எனக்குத் தண்ணி கண்ணுல தெரியலடா சவரி. நீயே வந்து பாத்துக்க.”

தார்ப்பாய்

புதுப் பூட்டு எங்கள் அரிசிப் பெட்டிக்கு ஆனது. வாடகை குறைந்த குறையை ஈடு கட்ட நான் இன்னொரு எருமை வாங்கிக் கட்டினேன். பால் கறந்தது அண்ணி.

அடுத்த பயணத்துக்கு வத்தல்மலைப் பெரியவர் வந்தார். இவர் தயாராக வைத்திருந்த பதிலைச் சொன்னார்: “மேடு ஒத்துவரலீங்க. கூண்டு ஏத்த முடியாது. லாரிக்கு மூங்கில் வளைச்சுத் தார்ப்பாய் கட்டித் தர்றேன்.” பெரியவர் மேட்டைப் பார்த்தார், கல்காலைப் பார்த்தார். “இத்தன வருசமா ஏத்தி எறக்குன மேடுதானுங்களே?” என்று கேட்டு முடிக்கவும், கூண்டுக் கதவு திறந்து, அண்ணி மோர்ச் சொம்போடு ஏணியில் இறங்கி வரவும் சரியாக இருந்தது. ஏணிக்கு அடியில் செவலைக் கோழியின் பேத்தியோ கொள்ளுப்பேத்தியோ மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. பெரியவர் மோரை வாங்கிக் குடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “செரி, செரி. தார்ப்பாய்லயே போலாங்க. பெருமாளு ஒண்ணும் சொல்ல மாட்டாரு.”

கழட்டி மாட்டுவதற்கென்றே செய்த கூண்டு கழட்டின இடத்திலேயே வேர் பிடித்து நின்றதற்கு எங்கள் மேடும் ஒரு பழைய ஜாக்கியும்தான் காரணம் என்று என் வூட்டுக்காரர் இன்றைக்கும் எல்லாரிடமும் சொல்கிறார். அந்தப் பொய்யை இதுவரைக்கும் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதாகத் தெரியவில்லை, நானும் ஞாபகப்படுத்துவதாக இல்லை.